துண்டின் மறுமுனை

எங்கள் ஊரில் மேடு என்றால் அரசலாற்றுப் பாலம்தான். சைக்கிளில் ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், இறங்கும்போது முகத்தில் காற்று அடிக்கும், அத்தோடு காரைக்காலின் மலையேற்றம் முடிந்தது. அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட நான், போன ஆனி மாதம் பழனி மலைத்தொடரில் ஒரு சின்ன ஊரில், நின்றால் கால் வழுக்கும் ஒரு புல்வெளியில், கையில் தேங்காய்ப்பூத் துண்டோடு நின்று என் கணவர் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அந்த விளையாட்டு தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றுதான் அவர் சொல்வார். ஒருமுறை பிரான்ஸுக்குப் போனபோது அவருடைய அக்கா மகன் கூட்டிப்போய் ஒரு மாலை முழுக்க ஆடவிட்டானாம். அந்த ஒரு மாலையை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாகப் பேசுகிறார். தொலைக்காட்சியில் கோல்ஃப் வந்தால், "முழங்கையை மடக்கிட்டான் பாரு" என்று குறை சொல்வார். துறைமுகத்தில் கணக்குப் பார்க்கிற மனிதர்.

ஆனால் நாங்கள் மலைக்குப் போனது கோல்ஃபுக்காக இல்லை. ஆனிப் பௌர்ணமியன்று ஊரில் இருக்கக் கூடாது என்பதற்காகப் போனோம். அன்றைக்குத்தான் மாங்கனித் திருவிழா.

வெளியூர்க்காரர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்று பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வருவார். சப்பரம் ஒவ்வொரு வாசலையும் கடக்கும்போது, அந்த வீட்டு மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கூடை கூடையாக வீசுவார்கள். கீழே தெரு கொள்ளாத கூட்டம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. பிறந்துவிட்டால் அடுத்த வருடம் முதல் அவர்கள் மாடியேறி வீச வேண்டும். ஆக, மேலே நிற்பவர்கள் கிடைத்தவர்கள், கீழே நிற்பவர்கள் கேட்பவர்கள். ஊருக்கே தெரிந்த ஏற்பாடு அது.

எங்கள் வீடு சப்பரம் வருகிற தெருவில் இருக்கிறது. நல்ல அகலமான மொட்டைமாடி. தலத்தெருவிலிருந்து என் நாத்தனார் காலையிலேயே ஆட்டோவில் பழக்கூடைகளோடு வந்து இறங்கிவிடுவார். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேருமே மாங்கனி தந்த பிள்ளைகள் என்பது அவர் கணக்கு. இரண்டு பேருமே இப்போது பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பிரான்ஸில் இருக்கிறார்கள். கேட்டு வாங்கிய பிள்ளைகள் ஆனிக்கு வருவதில்லை, டிசம்பரில் வந்து கொசுவைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஆனாலும் அவர் வேண்டுதலை ஒரு வருடமும் விட்டதில்லை. எங்கள் மாடியில் அவர் நிற்பார். எங்கள் வாசலில், அந்த மாடிக்கு நேர் கீழே, நானும் என் கணவரும் நிற்போம். ஒரு துண்டை விரித்து ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொள்வோம். சொந்த வீட்டு மாடியிலிருந்து விழுகிற பழத்தைச் சொந்த வாசலில் நின்று ஏந்துகிறவள் காரைக்காலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாத்தனார் குறி பார்த்து வீசுவார். கூட்டத்துக்குப் போடுகிற பழத்தைப் போகிற போக்கில் போடுவார். எங்களுக்கு என்று வரும்போது மட்டும் நல்லதாகத் தேடி எடுத்து, கண்ணில் ஒற்றி, "ஏந்திக்கம்மா!" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவார். ஒரு வருடம் அவருடைய குறி தப்பி, ஒரு பங்கனபள்ளி என் மூக்கில் இறங்கியது. மூக்குத்தி அழுந்தி ரத்தம் வந்தது. அதற்கும், "ரத்தம் காட்டிட்டே, இந்த வருஷம் கண்டிப்பா நிக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நிற்கவில்லை.

எங்கள் துண்டில் விழுவது போதாது என்று தெருவில் யார் பிடித்தாலும் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார்கள். "எங்களுக்குத்தான் ஆயிருச்சே, நீ சாப்பிடு." அன்பாகத்தான் சொல்வார்கள். சாயங்காலம் அடுக்களையில் பழம் குவிந்து கிடக்கும். மாம்பழத்தால்தான் பிள்ளை பிறக்கும் என்றால் எனக்கு இந்நேரம் ஒரு பள்ளிக்கூடமே பிறந்திருக்க வேண்டும்.

நம்பிக்கையை மட்டும் நம்பி நாங்கள் உட்கார்ந்திருக்கவில்லை. புதுச்சேரி, சென்னை என்று பார்க்காத டாக்டர் இல்லை. ஊசியும் ஸ்கேனும் கண்ணீரும் என்று வயது போனதே தெரியவில்லை. கடைசி முறையும் தோற்ற அன்று, ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "போதும்மா" என்றார். நான் "சரிங்க" என்றேன். எழுந்து வந்து கேன்டீனில் காபி குடித்தோம். அதன்பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. மருந்துச் சீட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டார். அவருக்கு ஆசை விட்டுப்போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு ஆளுக்கு விட்டுப்போன பிறகு இன்னொரு ஆள் மட்டும் எதற்காக வைத்துக்கொண்டு இருப்பது? நானும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்வது சுலபம். பேருந்தில் முன் சீட்டுக் குழந்தை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தால் போதும், அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

ஆனி நெருங்கியபோது அவர்தான் சொன்னார். "இந்த வருஷம் எங்கேயாவது குளிரா போயிட்டு வரலாமா? மலைப் பக்கம் ஒரு ரிசார்ட் இருக்காம். கோல்ஃப் மைதானம் இருக்காம்." தேதியைப் பார்த்தேன். பௌர்ணமி அந்த நாட்களுக்கு நடுவில் இருந்தது. எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. "போகலாங்க" என்றேன். நாத்தனாரிடம் மாடிச் சாவியைக் கொடுத்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. "குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் என்று தாண்டி மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வந்தது. தட்டையான ஊர்க்காரி வயிற்றுக்கு அவ்வளவு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை கோல்ஃப் மைதானத்துக்குப் போனோம். பௌர்ணமி அன்றுதான்.

மட்டைகளை வாடகைக்குக் கொடுக்கிற அறையில் குல்லாய் போட்ட ஒரு மனிதர் இருந்தார். நல்ல கலகலப்பான ஆள். ஒரு பை நிறைய மட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, "பிள்ளைங்களை அழைச்சுட்டு வரலீங்களா சார்? சின்னப் பசங்க சைஸுல மட்டைகூட இருக்குது" என்று மூலையைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் சில மட்டைகள் சுவரோடு சாய்ந்து நின்றன.

என் கணவர் அவற்றைப் பார்த்தார். பிறகு, "இந்தத் தடவை வரலைங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? இத்தனை தூரம் ஓடி வந்தது இந்தக் கேள்விக்குப் பயந்துதான், கேள்வி நமக்கு முன்னாலேயே மலையேறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இவர் இப்படியொரு பதிலைச் சொல்கிறார் என்று கோபமாக வந்தது. வெளியே வந்து அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். குல்லாய்க்காரர் பின்னாலிருந்து உரக்கச் சொன்னார்: "மேலேருந்து யாராச்சும் 'ஃபோர்'னு கத்துனா நிமிர்ந்து பார்க்காதீங்க. பந்து வருதுன்னு அர்த்தம். தலையைக் கையால மூடிக்கிட்டுக் குனிஞ்சிடுங்க, சரிங்களா?" சரி என்று இருவரும் தலையாட்டினோம்.

மைதானம் என்றால் எனக்குக் கடற்கரை ஞாபகம்தான் வரும், சமமாக இருக்க வேண்டும். இது மலையின் மடியில் யாரோ பச்சைப் போர்வையை உதறிப் போட்டமாதிரி ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடந்தது. ஓரத்தில் பைன் மரங்கள். தூரத்தில் இரண்டு காட்டெருமைகள், வாடகை கொடுக்காமலேயே புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. பனி வரும், மைதானத்தைப் பாதி மறைக்கும், தானாக விலகும்.

முதல் அடியில் பந்து போகவில்லை, ஒரு பிடி புல் போனது. இரண்டாவது அடியில் பந்து நேராகப் போகாமல் வலப்பக்கம் திரும்பி மரங்களுக்குள் நுழைந்தது. "காத்து" என்றார் அவர். இலை அசையவில்லை. மூன்றாவது பந்து சரிவில் ஏறி, ஏறி, நின்று, யோசித்து, அப்படியே திரும்பி உருண்டு அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. நான் சிரித்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது எனக்கு ஒரு வியாதி. அவரும் சிரித்தார். "நம்ம ஊர்ல போட்டது போட்ட எடத்துல கெடக்கும்" என்றார்.

என் வேலை துண்டு வைத்திருப்பது. மட்டையையும் பந்தையும் துடைக்க ஒரு துண்டு வேண்டும் என்று சொல்லியிருந்தார். பீரோவில் மேலாக இருந்ததை உருவி வந்திருந்தேன். அது எந்தத் துண்டு என்று விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓரத்தில் மாங்கறை. எத்தனை துவைத்தாலும் போகாது அது. அவர் மட்டையை அதில் துடைத்தபோது கறை இருந்த பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுத் துடைத்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

இரண்டு மூன்று குழிகளைக் கடந்திருப்போம். எத்தனை அடியில் பந்து குழியில் விழுந்தது என்று நாங்கள் எண்ணவில்லை, எண்ணினால் மரியாதையாக இருக்காது. அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார். "யாருங்க?" என்றேன். "அக்கா" என்றார். "எடுக்கலியா?" "அப்புறம் பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு என் கண் மைதானத்தில் இல்லை. சப்பரம் புறப்பட்டிருக்கும். வெயில் ஏறியிருக்கும். தெருவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். மாடியில் நாத்தனார் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிச் சுவரோரம் நின்றிருப்பார். பழ வாசனை, வேர்வை வாசனை, மேளச்சத்தம், யாரோ யாரையோ தோளில் இடித்துக்கொண்டு நிற்கிற அந்த நெருக்கடி. இந்தக் குளிரும் இந்தச் சுத்தமான காற்றும் எனக்கு வேண்டாம், என் வாசலில் போய் நின்றால் போதும் என்று இருந்தது. பழம் கிடைத்ததால் எனக்கு எதுவும் நடந்ததில்லை. ஆனால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சில நிமிடங்கள் நிஜமாகவே நடக்கப்போகிறமாதிரி இருக்கும். வருடத்தில் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் நான் ஏங்கினேன்.

அடுத்த குழி ஒரு பள்ளத்தில் இருந்தது. கொடிக்குப் பக்கத்தில் அவர் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, பைன் மரத்துக்கு அருகில் நின்றேன். எங்களுக்கு மேலே, மேட்டில், வேறு யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பனியில் ஆள் தெரியவில்லை.

"ஃபோர்!" என்று ஒரு குரல் வந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு பந்து வெளியே வந்து, உயரத்தில் ஒரு கணம் நின்றதுபோலத் தெரிந்தது. பிறகு என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. கை துண்டை உதறி விரித்தது. கால் ஓடியது. தலையைக் குனிய வேண்டும் என்று ஒரு சிறு நினைவுகூட வரவில்லை. பந்து பைன் கிளையில் சடசடவென்று பட்டு வேகம் குறைந்து நேர்கீழாக இறங்கியது. துண்டு தொய்கிறதே, ஒரு பக்கம் ஆள் இல்லையே என்று நினைத்தேன். அதே நொடியில் துண்டு விறைத்தது. மறுமுனையை அவர் பிடித்திருந்தார்.

மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. முகம் மேலே பார்த்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் எங்கள் வாசலில் நான் பார்க்கிற அதே முகம். ஆசை விட்டுப்போன மனிதருக்கு அப்படியொரு முகம் இருக்காது.

பந்து துண்டின் நடுவில் பொத்தென்று விழுந்தது.

இருவரும் குனிந்து பார்த்தோம். வெள்ளையாக, சின்னதாக, ஒரு வாசனையும் இல்லாமல் கிடந்தது. அவர் துண்டை விடவில்லை, நானும் விடவில்லை.

மேட்டிலிருந்து வயதான ஒருவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "என்னங்க நீங்க! கத்துறேன் கத்துறேன், குனியாம பந்தைப் பார்த்து ஓடுறீங்க! மண்டையில பட்டிருந்தா என்னத்துக்கு ஆகும்?" என்று படபடத்தார். கோபத்தைவிட அவருக்குப் பயம்தான் அதிகம். நாங்கள் என்ன சொல்வது? எங்கள் ஊரில் மேலேயிருந்து ஒன்று வந்தால் ஏந்துவோம் என்று சொன்னால் அவருக்கு விளங்குமா? "தெரியாம நடந்துபோச்சு சார்" என்றார் என் கணவர். அந்தப் பெரியவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு தயங்கி, "அது என் பந்து" என்றார்.

இத்தனை வருடம் ஏந்தியதில் திருப்பிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் பாதி மேடு ஏறி, நின்று, எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் கணவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். ஈரம் புடவையில் ஏறியது.

"உங்களுக்கு வேணாம்னுதானே சொன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகக் கேட்டது.

"எனக்கு வேணாம்னு எப்ப சொன்னேன்? போதும்னு சொன்னேன். உன்னை அந்த ஊசியோட பார்க்க முடியலை. அதுக்குத்தான் சொன்னேன்."

"நீங்க விட்டுட்டீங்கன்னு நெனச்சுத்தாங்க நானும் விட்டேன்."

"விட்டியா?" என்றார்.

துண்டு எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. அழுதோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை ஒருவர் அழுதால் மற்றவர் தேற்றுவது என்று முறை வைத்திருந்தோம். காட்டெருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கைபேசியை எடுத்து அக்காவுக்குப் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். முதலில் மேளம்தான் கேட்டது. பிறகு நாத்தனாரின் குரல்.

"ஏண்டா, எத்தனை தடவை போட்டேன், எடுக்க மாட்டியா? சப்பரம் நம்ம வாசலுக்கு வந்துருச்சு. கீழ யாரு நிக்கிறா சொல்லு பாப்போம்? கை பழகிப்போச்சு, நாலு பழத்தை நீங்க நிக்கிற எடத்துக்கே போட்டுட்டேன். எவனெவனோ பொறுக்கிட்டுப் போறான்."

அவர் குரல் உடைந்தது. ஏசிக்கொண்டே உடைந்தது.

"அண்ணி" என்றேன். "நம்ம வாசப்படிகிட்ட இப்ப யாராச்சும் நிக்கிறாங்களா?"

"இரு, பார்க்கறேன்." மேளம் நெருங்கியது. "ஒரு பொண்ணு நிக்குதும்மா. சின்னப் பொண்ணுதான், எந்த ஊரோ தெரியலை. புருஷன்காரன் துண்டோட அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ரெண்டும் பேய் முழி முழிக்குதுங்க. ஒண்ணும் கிடைச்ச மாதிரி தெரியலை."

நாங்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் முழித்திருப்போம். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் பொறாமை வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு இன்னும் எத்தனை ஆனி பாக்கி இருக்கிறது. ஆனால் அவள் கை வெறுமனே நீண்டிருப்பதை நினைத்தபோது எனக்கே கை வலித்தது.

"நல்ல பழமா பார்த்து எடுத்து அதுக்குப் போடுங்க அண்ணி. கண்ணுல ஒத்திட்டுப் போடுங்க. குறி தப்பாமப் போடுங்க."

"மூக்குல போட மாட்டேன், கவலைப்படாதே." ஒரு நிமிடம் வெறும் ஆரவாரம். பிறகு, "ஏந்திக்கம்மா!" என்று அவர் கத்துவது கேட்டது. எங்கள் இருவருக்கும் கை துண்டில் இறுகியது. "பிடிச்சுட்டுதும்மா! பிடிச்சுட்டு அழுவுது பாரு, லூசுப் பொண்ணு!"

என் கணவர் கைபேசிக்குப் பக்கத்தில் குனிந்தார். "அக்கா, எங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கா" என்றார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சுவது மேளத்துக்கு நடுவிலும் கேட்டது. அப்புறம், "கூடையிலேருந்து எடுத்து வைக்கிறது செல்லாதுடா. ஏந்தணும். அடுத்த வருஷம் ஒழுங்கா வந்து வாசல்ல நில்லுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மீதிக் குழிகளை நாங்கள் ஆடவில்லை. அவர் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு மட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். குல்லாய்க்காரர், "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "முடியலைங்க, பாதியில வந்துட்டோம்" என்றார் என் கணவர்.

எங்களுக்குக் குழந்தை இல்லை, இனி வரும் என்றும் சொல்வதற்கில்லை. எனக்கு வயது என்ன என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடமும் போகவில்லை. ஆனால் வேண்டாம் என்று பொய் சொல்லிக்கொண்டு ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக ஏங்கியது போதும். இப்போது சில இரவுகளில் அதைப் பற்றிப் பேசுகிறோம். பெண்ணாக இருந்தால் என்ன பெயர் என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது.

அடுத்த வாரம் ஆனிப் பௌர்ணமி. அவர் லீவு சொல்லிவிட்டார். நாத்தனார் கூடைக்குச் சொல்லிவிட்டார். நான் துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.